கட்டிலில் கிடக்கிற கால்கள்



சயான் என்றவுடன் மும்பைத் தமிழருக்கு முதலாவது நினைவுக்கு வருவது இரயில் நிலையமா, மருத்துவமனையா என்று கேட்டால், பெரும்பாலோர் மருத்துவமனை என்றே சொல்லுவர். லோகமான்ய திலக் நகராட்சிப் பொது மருத்துவமனை என்பது அதன் முழுப் பெயர். அந்தப் பெயரை நம்மவர் எவரும் சொல்வதில்லை. 'சயான் ஆஸ்பத்திரி' என்றால் போதும். 1947-ஆம் ஆண்டில் 50 கட்டில்களோடு தொடங்கப்பட்ட அது இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்களையுடைய பெரிய மருத்துவமனையாகவும், 1964 முதல் மருத்துவக் கல்லூரியாகவும் விளங்குகிறது. தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர், சீத்தா கேம்ப் ஆகிய இடங்களிலுள்ள தமிழ்க் குடும்பங்களில், அங்கே ஒருமுறையாவது கேஸ் பேப்பர் எடுக்காத குடும்பத்தைக் காண்பது அரிது. இரயிலிலிருந்து விழுந்தவர், நெடுஞ்சாலையில் அடிபட்டவர், பிரசவத்திற்கு வந்தவர், பித்தப்பையில் கல் உள்ளவர், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி என்று எல்லாரும் ஒரே வாசலில் வந்து சேருகிறார்கள். அங்கே மட்டுமல்ல, எந்த மருத்துவமனையிலும் அப்படிப்பட்ட ஒருவரின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இம்மாதம் எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காய்ச்சல் இல்லை. தையல் பிரிக்கும் நாளும் குறித்தாயிற்று. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ காலையில் கழிவறைக்குப் போக எழுந்தவர் நாலு அடி நடந்தார், மூச்சு வாங்கிற்று, வியர்த்தது, அப்படியே சாய்ந்தார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துபோயிற்று. இப்படியொரு செய்தியை உறவினர் வீட்டிலோ சபையிலோ நீங்கள் கேள்விப்பட்டதில்லையா? 'ஹார்ட் அட்டாக்' என்பார் ஒருவர். 'டாக்டர் எதையோ உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்' என்பார் மற்றொருவர். இவ்விதமான திடீர் மரணங்கள் சிலவற்றிற்குக் காரணம் இருதயமும் அல்ல, கத்தியும் அல்ல. பல நாட்களாக அசையாமல் கிடந்த காலின் உட்புற நாளத்தில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அவர் எழுந்து நடந்த வேளையில் அது பிடுங்கிக்கொண்டு, இரத்த ஓட்டத்தோடு மேலே ஏறி, இருதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்குப் போகிற குழாயை அடைத்துவிடுகிறது.

முதலில் ஒரு சொல் மயக்கத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் 'இரத்தக்கட்டு' என்று சொல்லி மஞ்சளும் உப்பும் பற்றுப் போடுகிறோமே, அது தோலின் கீழே இரத்தம் கசிந்து கருத்துப்போவது. நான் சொல்லுவது அதுவல்ல. குழாய்க்குள்ளேயே, வெளியே தெரியாமல், ஆழமான நாளத்தில் உண்டாகும் இரத்த உறைவு. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'டி.வி.டி.' என்பார்கள். படம் பார்க்கிற வட்டத் தகடு என்று எண்ணிவிடாதீர்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பது நம் எழுத்தின் குறை.

இரத்தம் ஏன் உறைகிறது? காயம் பட்டால் உறையவேண்டும்; உறையாவிட்டால் ஒரு சிறு கீறலிலேயே மனிதன் மாண்டுபோவான். உறையக்கூடாத இடத்தில் உறைவதே ஆபத்து. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, காலில் உண்டான கட்டியே நுரையீரலுக்குச் சென்று அடைக்கிறது என்பதைப் பிரேதப் பரிசோதனைகளின் மூலம் விளக்கினார். ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மை அடைவது ஆகிய மூன்றும் அவர் பெயரோடு சேர்த்தே இன்றும் மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. நம் கிராமத்து வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடுகிறவரை ஒன்றும் படிவதில்லை. மடை அடைத்து நாலு நாள் தேங்கினால் பாசி பிடிக்கிறது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிக் காலின் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்த படுக்கையில் அந்தத் தள்ளுதல் நின்றுபோகிறது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, புற்றுநோய், கர்ப்பம், பிரசவம், கடுமையான காய்ச்சல், பக்கவாதம் ஆகியவை இதோடு சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது. உடற்பருமன், அதிக வயது, குடும்பத்தில் முன்பே இவ்வியாதி இருப்பது, சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

'இது வெள்ளைக்காரருக்கு வரும் வியாதி. நம் நாட்டாருக்கு வராது' என்று நெடுங்காலம் நம் நாட்டு மருத்துவர்களே நம்பினார்கள். அது எவ்வளவு உண்மை? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையுள்ள பத்தாண்டுப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து, 2009-இல் வெளியிட்டார்கள். உள்நோயாளிகளாகச் சேர்ந்த 10,000 பேருக்கு ஏறக்குறைய 17 பேர் என்ற கணக்கில் இவ்வியாதி உறுதி செய்யப்பட்டிருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவை மட்டுமே இந்தக் கணக்கில் உண்டு. தேடாதவனுக்கு அகப்படாமற்போனவை சேரவில்லை. ஆசிய நாடுகள் சிலவற்றில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு, முழங்கால் எலும்புகளில் பெரிய அறுவை சிகிச்சை பெற்றும் தடுப்பு மருந்து பெறாதவர்களை விசேஷ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, 100-க்கு 41 பேரின் காலில் உறைவு காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே அறிகுறியே இல்லை. ஆகவே நமக்கு வராது என்பதைவிட, நாம் பார்க்கவில்லை என்பதே பொருந்தும்.

இப்பொழுது வருத்தமான கணக்குக்கு வருகிறேன். 32 நாடுகளிலுள்ள 358 மருத்துவமனைகளில் 68,000-க்கும் அதிகமான நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. கட்டிலில் கிடப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்த ஆபத்துக்குள் இருக்கிறார்கள் என்று அது கண்டது. அதே ஆய்வின் இந்தியப் பகுதி 2012-இல் தனியே அச்சாயிற்று. நம் நாட்டின் 10 மருத்துவமனைகளில் பார்க்கப்பட்ட 2,058 நோயாளிகளில் 53.6 விழுக்காட்டினர் ஆபத்துக்குள் இருந்தார்கள். அப்படி ஆபத்திலிருந்தவர்களில், முறைப்படி பெறவேண்டிய தடுப்பைப் பெற்றவர்கள் 17.4 விழுக்காட்டினர் மட்டுமே. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கண்டுபிடிக்கப்படாத வியாதியாயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இதற்கோ மருந்து இருந்தது, அலமாரியிலேயே இருந்தது.

எவ்வளவு காலமாக இருக்கிறது தெரியுமா? ஹெப்பாரின் என்னும் மருந்து 1916-இல் அமெரிக்காவில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் செய்த சோதனைகளிலிருந்து பிறந்தது. அதைச் சிறிய அளவில் தோலின் கீழே ஊசியாகப் போட்டால் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் மரணத்தைத் தடுக்கலாம் என்று பெரிய அளவில் நிரூபித்தவர் நம் இந்திய வம்சத்தைச் சேர்ந்த வி.வி. கக்கர். இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவராயிருந்த அவர் நடத்திய பன்னாட்டு ஆய்வு 1975-இல் வெளிவந்தது. 40 வயதுக்கு மேற்பட்டு, பெரிய அறுவை சிகிச்சைக்கு வந்த 4,121 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் அந்த ஊசியைப் போட்டார்கள். ஊசி பெறாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பினால் மரித்தார்கள் என்று பிரேதப் பரிசோதனை காட்டியது. ஊசி பெற்றவர்களில் அப்படி மரித்தவர்கள் இருவர். இந்தியர் ஒருவர் 1975-இல் உலகத்துக்குக் காட்டிய வழியை, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்திய மருத்துவமனைகளில் ஆறில் ஒருவரே பெற்றார் என்றால் என்ன சொல்லுவது!

மருத்துவர்கள் அறியாதவர்கள் அல்ல. தேர்வில் கேட்டால் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் கட்டில்கள் நிறைந்து தரையிலும் மெத்தை விரித்துக் கிடக்கிற பொது வார்டில், இரவு முழுவதும் கண்விழித்த இளம் மருத்துவர் ஒருவர் நாற்பது பேரைப் பார்க்கும்போது, அழுகிறவரையும் இரத்தம் சிந்துகிறவரையும் முதலாவது பார்க்கிறார். ஓசையில்லாமல் காலுக்குள் உறைகிற இரத்தம் அவரைக் கூப்பிடுவதில்லை. ஒருவேளை அது நுரையீரலை அடைத்தாலும், எலும்பு மருத்துவரின் வார்டிலிருந்து நோயாளி வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகியிருக்கும். செய்தி அவருக்கு எட்டாது. தான் செய்யாமல் விட்டதன் பலனைக் காணாதவர் எப்படித் திருந்துவார்? இதனால்தான் மனிதரின் ஞாபகத்தை நம்பாமல் ஓர் ஒழுங்குமுறையை ஏற்படுத்தவேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

இங்கிலாந்து இதைச் செய்து பார்த்தது. மருத்துவமனையில் உண்டாகிற இரத்த உறைவினால் அந்நாட்டில் ஆண்டுக்கு 25,000 பேர் வரை மரிக்கிறார்கள் என்று 2005-இல் அதன் பாராளுமன்றக் குழு ஒன்று மதிப்பிட்டது. மார்பகப் புற்றுநோய், எய்ட்ஸ், சாலை விபத்து மூன்றினாலும் மரிப்பவர்களைக் கூட்டினாலும் அது அதிகம் என்றது அறிக்கை. 2010-இல் ஒரு விதி வந்தது. சேர்க்கப்படும் ஒவ்வொரு பெரியவருக்கும் உறைவின் ஆபத்து எவ்வளவு, இரத்தக்கசிவின் ஆபத்து எவ்வளவு என்று ஒரு தாளில் குறிக்கவேண்டும். 100-க்கு 90 பேருக்காவது இதைச் செய்யாத மருத்துவமனை தனக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது அன்றைய விதி. தொடங்கியபோது ஏறக்குறையப் பாதிப்பேருக்கே தாள் நிரப்பப்பட்டது. 2012-க்குள் 90 விழுக்காட்டைக் கடந்தார்கள். பணம் குறையும் என்றதும் ஞாபகம் வந்துவிட்டது, பாருங்கள்! தாளை நிரப்புவதும் ஊசி போடுவதும் ஒன்றல்ல என்று குறை கூறுவோரும் உண்டு, அதுவும் நியாயமே. ஆயினும் கேள்வி கேட்கப்படாத இடத்தில் விடை வராது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மருத்துவர் கணினியில் நோயாளிக்கு மருந்து எழுதும்போதே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும்படி செய்தார்கள். அதற்கு முன்னே அங்கே விபத்தில் அடிபட்டு வந்தவர்களில், ஆண்களைவிடப் பெண்களுக்கே தடுப்பு அதிகமாக விடுபட்டுப்போயிருந்தது என்று கணக்கில் தெரியவந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. எல்லாருக்கும் ஒரே கேள்வி என்று வைத்தபின் அந்த வேற்றுமை மறைந்துபோயிற்று. தமிழ் பேசுகிற ஏழைக் கூலிக்காரனும், மராத்தி தெரியாத அவன் மனைவியும் பெரிய நகரத்து மருத்துவமனைக்குப் போகும்போது, இப்படிப்பட்ட ஒழுங்குமுறை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை எண்ணிப்பாருங்கள். முகம் பார்த்துக் கவனிக்கிற இடத்தில் முகமறியாதவர் விடுபட்டுப்போகிறார். பட்டியல் பார்த்துக் கவனிக்கிற இடத்தில் அவரும் எண்ணப்படுகிறார்.

அதே மருத்துவமனையின் வேறோர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அது நம்மைச் சேர்ந்த காரியம். மருத்துவர் எழுதிக்கொடுத்த தடுப்பு ஊசிகளில் 100-க்கு ஏறக்குறைய 12 போடப்படாமலே போயின. ஏன் என்று பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டவற்றில் நோயாளியே 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தார்!

நாமும் இதைத்தானே செய்கிறோம்? தினமும் வயிற்றில் குத்துகிறார்கள், குத்தின இடம் கருத்துப்போகிறது. 'எனக்குத்தான் வலி போயிற்றே, இது எதற்கு' என்று சலித்துக்கொள்ளுகிறோம். சிஸ்டரும் விட்டுவிடுகிறார், அவருக்கும் வேலை அதிகம். சிலர் விசுவாசத்தின் பெயராலும் மறுத்துவிடுகிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வாக்களிக்கப்பட்டு, ஆயுசோடே 15 வருஷமும் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதன் பின்னும் ஏசாயா தீர்க்கதரிசி பிளவையின்மேல் அத்திப்பழ அடையைக் கட்டச் சொன்னாரே, ஏன்? வாக்குத்தத்தத்தைப் பெற்றவருக்கே மருந்து விலக்கப்படவில்லையென்றால், மற்றவர் அதைத் தள்ளுவதற்கு ஆதாரம் ஏது?

எண்ணெயைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் இருக்கும்போது, நம் தாய்மார்கள் முதலாவது செய்வது தைலம் காய்ச்சி அழுத்தித் தேய்ப்பது. அன்பினால் செய்கிறார்கள், ஆனால் உள்ளே உறைவு இருந்தால், அந்த அழுத்தமே அதைப் பிடுங்கி அனுப்பிவிடக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்னர் தில்லியில், கணுக்கால் காயத்திற்குக் கட்டுப்போட்டிருந்த ஓர் இளைஞர், வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்க்கப்பட்டபோது மூச்சடைத்து மரித்ததை அங்குள்ள எய்ம்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணெய் பூசி ஜெபிப்பது வேறு. எண்ணெய் ஊற்றி உருவிவிடுவது வேறு. நெற்றியில் பூசுங்கள், காலை விட்டுவிடுங்கள். டாப்ளர் ஸ்கேன் எடுத்து உறைவு இல்லை என்று தெரியும்வரை அந்தக் காலில் கைவைக்கவேண்டாம்.

பிரசவித்த பெண்களுக்கு வருகிறேன். இங்கே சற்று அதிகமாகவே பேசவேண்டியதிருக்கிறது. கர்ப்பகாலத்தில் பெண்ணின் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை அடைகிறது. பிரசவத்தில் இரத்தப்போக்கினால் அவள் மாண்டுபோகாதபடி சரீரம் அப்படி ஆயத்தமாகிறது. குழந்தை பிறந்தபின் ஆறு வாரம் வரை அந்தத் தன்மை முற்றிலும் மாறுவதில்லை. அந்த நாட்களில்தான் நம் வீடுகளில் அவளைக் காற்றுப்படாத அறையில் படுக்கவைத்து, 'தண்ணீர் குடித்தால் வயிறு போடும், புண் ஆறாது' என்று சொல்லித் தாகத்திற்கும் அளந்து கொடுக்கிறோம். தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் மூளையின் இரத்தக்குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பெண்களைப் பற்றி 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உலக மருத்துவர்கள் இன்றும் இவ்வியாதியைப் பேசும்போது அந்த ஆய்வைக் குறிப்பிடுகிறார்கள். நம் நாட்டில் பிரசவித்த பெண்களுக்கு மூளை நாளத்தில் உறைவு அதிகமாகக் காணப்படுவதற்கு, நீர் வற்றிப்போவதும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். பிரசவித்த சில நாட்களில் தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுதல் இவை வந்தால், 'ஜன்னி' என்றோ 'பிசாசு பிடித்தது' என்றோ சொல்லி அறைக்குள் பூட்டிவைத்து ஜெபிப்பது கூடாது. சபையார் ஜெபித்துக்கொண்டே அவளை வண்டியில் ஏற்றட்டும். பத்தியம் என்ற பெயரில் பூண்டும் கருவாடும் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, தண்ணீரை நிறுத்தாதீர்கள். சிசேரியன் ஆனவளையும், மருத்துவர் தடுக்காவிட்டால், மறுநாளிலேயே மெதுவாக எழுப்பி நடக்க விடுங்கள். மாமியார்மார்கள் இந்தப் பத்தியை மருமகளுக்குத் தெரியாமல் படித்தாலும் நல்லதே.

தாய்மார்களைப் பற்றிப் பேசும்போது சயான் மருத்துவமனையின் வேறொரு காரியம் நினைவுக்கு வருகிறது. 1989-இல் அங்கே பணியாற்றிய குழந்தை மருத்துவர் அர்மீடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அது முதலாவது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அதற்கு ஆதாரமல்ல. குறைமாதக் குழந்தைகள் ஏன் மரிக்கின்றன என்று கணக்கு வைத்துப் பார்த்து, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு இன்னொரு தாயின் பாலைப் பத்திரமாகக் கொடுக்க ஓர் ஒழுங்கை உண்டாக்கியதே அதன் ஆதாரம். கூட்டமும் குறைந்த பணமும் உள்ள நகராட்சி மருத்துவமனையில் நல்ல முறைகள் நிலைக்காது என்று சொல்லுகிறவர்களுக்கு அதுவே பதில். உறைவுத் தடுப்பும் அதே இனத்தைச் சேர்ந்த வேலை. ஒரு தாள், ஒரு கேள்வி, விலை பெரிதல்லாத ஓர் ஊசி, விடுபட்டதை மாதந்தோறும் எண்ணுகிற ஒருவர் போதும்.

2020-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். தாராவியில் ஏப்ரல் முதல் நாளில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபின், இந்த வியாதி நுரையீரலில் இரத்தத்தை உறையச் செய்கிறது என்று உலகம் விரைவில் கண்டுகொண்டது. மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலேயே ஹெப்பாரின் வகை ஊசியைத் தடுப்பாகப் போடும்படி எழுதப்பட்டது. பல குடும்பங்கள் 'இனாக்ஸபாரின்' என்ற பெயரை அப்பொழுதுதான் முதன்முதலில் கேட்டன. கொள்ளைநோய்க்காக எழுதப்பட்ட அந்த ஒழுங்கு, இடுப்பு முறிந்த மூதாட்டிக்கும் மறக்கப்படாமல் கிடைக்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஆனால் எல்லாருக்கும் ஊசி என்று எண்ணிவிடக்கூடாது. இரத்தம் உறையாதபடி செய்கிற மருந்து இரத்தம் கசியவும் செய்யும். தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தவருக்கும், வயிற்றுப்புண்ணிலிருந்து இரத்தம் போகிறவருக்கும், மழைக்காலத்தில் டெங்கு வந்து பிளேட்லெட் மிகவும் குறைந்தவருக்கும் இதுவே ஆபத்தாக முடியும். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு மாறும். அப்படிப்பட்டவர்களுக்கு, காற்றை நிரப்பி விட்டு விட்டுக் காலை அழுத்துகிற கருவி உதவக்கூடும். இறுக்கமான காலுறையைச் சிலர் கடையில் தாங்களே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பக்கவாத நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை, தோல் புண்ணாவதுதான் மிச்சம் என்று 2009-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே தீர்மானம் மருத்துவருடையது, கேட்பது நம்முடையது.

உறைவு வந்தேவிட்டால் என்ன? பயப்படவேண்டாம், உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. முதலில் ஹெப்பாரின் வகை ஊசி. பின்பு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. வார்ஃபரின் மாத்திரையானால், இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதை ஐ.என்.ஆர். என்னும் சோதனையால் அடிக்கடி பார்த்து, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்கவேண்டும். ஒருநாள் கட்டுக்கட்டாய்க் கீரையும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிட்டால் கணக்கு தடுமாறும். தினமும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மருத்துவரைக் கேளாமல் நாட்டு மருந்தும் வலி மாத்திரையும் சேர்க்கவேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வார்ஃபரின் ஆகாது, ஊசியே தகும். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு அந்தச் சோதனை வேண்டியதில்லை. இப்பொழுது இந்திய நிறுவனங்கள் பல இவற்றைத் தயாரிக்கின்றன. வீக்கம் வற்றிவிட்டது என்று மூன்றாம் வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். உறைவு திரும்பி வருவதற்கு அது அழைப்பிதழ் அனுப்புவதுபோல.

கடைசியாக, புலம்பெயர்ந்த நமக்கே உரிய ஒரு வழக்கம். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனதும், 'இங்கே ஒற்றை அறையில் எப்படி ஓய்வெடுப்பது, ஊருக்குப் போய் அம்மாவிடம் இருந்து வரட்டும்' என்று அதே வாரத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறோம். முன்பதிவு கிடைக்காவிட்டால் பொதுப்பெட்டியில், காலை நீட்ட இடமில்லாமல், ஒன்றரை நாள் தொங்கவிட்ட கால்களோடு பயணம். கழிவறைக்குப் போகவேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. மருத்துவமனையால் வருகிற உறைவுகளில் கணிசமானவை வீடு திரும்பியபின்தான் வெளிப்படுகின்றன. மூன்று மாதம் வரை அந்த ஆபத்து உண்டு. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் ஊசியோ மாத்திரையோ 35 நாள் வரை தொடரவேண்டியிருக்கலாம். பயணத்தைச் சில வாரம் தள்ளிவையுங்கள். தவிர்க்கமுடியாவிட்டால் படுக்கை முன்பதிவு செய்து, மருத்துவரைக் கேட்டுப் புறப்படுங்கள். மணிக்கொருமுறை நோயாளி பெட்டிக்குள் நாலடி நடக்கட்டும், உட்கார்ந்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைக்கட்டும்.

மருத்துவரிடம் கேட்க மொழி தெரியவில்லையே என்பீர்கள். சேர்த்த அன்றும், ஆபரேஷன் முடிந்த அன்றும், டிஸ்சார்ஜ் அன்றும் ஒரே கேள்விதான். இந்தியில்: 'டாக்டர் சாப், கூன் ஜம்னே கா கத்ரா ஹை க்யா?' மராத்தியில்: 'டாக்டர், ரக்தாச்சீ குட்டளீ ஹோண்யாச்சா தோக்கா ஆஹே கா?' இரத்தம் உறையும் ஆபத்து உண்டா என்பதே இரண்டிற்கும் பொருள். பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் கொடுத்துச் சரியான உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலைக் கேஸ் பேப்பரில் எழுதித் தரும்படி பணிவாய்க் கேளுங்கள். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஊருக்குப் போகும்போதும் கையோடு கொண்டுபோங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டிலானால் 108, இரயிலிலானால் 139. 'சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.